தராசுக்குத் தெரியாத விலை

பூண்டுலோயா பஸ்ஸுக்காக வட்டகொடையில் நின்றுகொண்டிருந்தேன். கொழும்பில் வேலை பார்க்கும் தோட்டத்துப் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து போனைக் காட்டினான். கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் பளபளவென்று ஒரு வெள்ளிக் காசு. மேலே ஒட்டிய சீட்டில் 70 என்று போட்டிருந்தது.

"புதுசா வந்தது அண்ணே. எழுபதுக்கு எழுபது மார்க்கு. வாங்கி வச்சா ரெண்டு வருசத்துல டபுளாயிருமாம்."

விலையைக் கேட்டேன். 2024 செப்டம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் அவனுடைய அம்மா ஒரு மாதம் முழுக்கப் பேர் போட்டாலும் அந்தக் காசு வராது. இதை வாங்கலாமா என்று அவன் என்னிடம் கேட்கவில்லை, வாங்கப் போவதாகச் சொன்னான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த 70 எங்கிருந்து வந்தது? ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949இல் பழைய செப்புக் காசுகளைத் தரம் பிரிக்க ஒன்று முதல் எழுபது வரை ஓர் அளவுகோல் வைத்தார். 1980களில் பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற இரண்டு நிறுவனங்கள் அமெரிக்காவில் தொடங்கி, காசைப் பார்த்து மார்க் போட்டுக் கூட்டில் அடைத்துக் கொடுத்தன. பழைய காசுக்கு இது நல்ல ஏற்பாடுதான். தேய்ந்ததா, கழுவியதா, போலியா என்று வாங்குபவனுக்கும் விற்பவனுக்கும் நடக்கும் சண்டையை மூன்றாம் ஆள் தீர்த்துவைக்கிறார். இன்று காலை அச்சு இயந்திரத்திலிருந்து விழுந்த காசுக்கு அப்படி என்ன சண்டை? நாணய ஆலையிலிருந்து நேரே தரம் பார்க்கப் போகும் காசுகளில் பெரும்பாலானவை 69 அல்லது 70 வாங்கிவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். அமெரிக்க ஈகிள் காசு என்றால் 69இலும் 31.1 கிராம் வெள்ளி, 70இலும் அதே 31.1 கிராம். 'முதல் வெளியீடு' என்று சீட்டில் அச்சடித்துக் கூடுதல் விலை கேட்பார்கள். வெளியான முதல் சில வாரங்களுக்குள் தரம் பார்க்க வந்து சேர்ந்தது என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. முதலில் அடித்த காசு என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

சரி, இரண்டு வருடம் கழித்துப் பையனுக்கு அவசரமாகச் சல்லி தேவைப்படுகிறது. தலவாக்கலைக்கோ ஹட்டனுக்கோ நகைக்கடைக்குக் கொண்டுபோகிறான். கடைக்காரர் முதலில் சொல்லப்போவது, "கூட்ட ஒடச்சுக் காச எடுங்க தம்பி." பிறகு தராசு. எழுபது மார்க்கைத் தராசு பார்க்காது. அந்த மார்க்குக்குக் காசு கொடுக்கும் ஆள் வேறு நாட்டில் ஏலத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் போய்ச் சேர அஞ்சல் செலவு, கமிஷன், சுங்கம் எல்லாம் இவன் தலையில்.

வெள்ளியை நம்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெள்ளியை நம்பியதற்கு மலைநாட்டுக்கு நியாயம் உண்டு. 1884 மே 3ஆம் திகதி ஓரியண்டல் வங்கி கதவைச் சாத்தியது. கோப்பியும் நோயில் செத்துக்கொண்டிருந்த நேரம். அந்த வங்கி அச்சடித்த நோட்டுகள்தான் ஊரெல்லாம் புழங்கின. ஆளுநர் கோர்டன் அரசாங்கப் பொறுப்பில் எடுத்திராவிட்டால் அவை அடுப்பெரிக்கத்தான் உதவியிருக்கும். வெள்ளி ரூபாய் வைத்திருந்தவனுக்கு அந்தக் கவலை இல்லை. அந்த நம்பிக்கை எடையின் மேல் வந்தது, சீட்டின் மேல் அல்ல.

நம் நாட்டிலேயே நினைவுக் காசு நேர்மையாக வெளிவந்த காலம் இருந்தது. 1957இல் புத்த ஜயந்திக்காக வெளியிட்ட ஐந்து ரூபாய்க் காசு 28.28 கிராம், நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரை வெள்ளி. அன்றைய டாலர் கணக்கிலும் வெள்ளி விலையிலும் பார்த்தால் அதிலிருந்த வெள்ளி மட்டுமே மூன்றரை ரூபாய்க்கு மேல் பெறும். ஐந்து ரூபாய் கொடுத்தவன் பெரிதாக ஏமாறவில்லை.

இதோடு 2024 ஓகஸ்டில் சென்னையில் வெளியான கலைஞர் நூற்றாண்டு நாணயத்தை வைத்துப் பாருங்கள். எடை 35 கிராம், அதில் பாதிதான் வெள்ளி. முகப்பில் 100 ரூபாய். அப்போது சென்னையில் வெள்ளி கிராம் நூறு இந்திய ரூபாயைத் தொடவில்லை, ஆக உள்ளே இருந்த வெள்ளி 1,750 ரூபாய்க்கும் குறைவு. கலைஞரின் கட்சித் தலைமையகமான அண்ணா அறிவாலயத்தில் ஒரு காசு 10,000 ரூபாய்க்கு விற்றது. வாங்கிய தொண்டர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் தலைவரை வாங்கினார்கள், பூஜையறையில் வைப்பார்கள், விற்கப் போவதில்லை. விற்று லாபம் பார்க்க நினைத்து வாங்கியவர்தான் கணக்கை மறுபடி போட வேண்டும்.

வெள்ளி விலையே ஏறுகிறதே என்பார்கள். ஏறுகிறதுதான். 1980 ஜனவரியில் டெக்சாஸ் ஹண்ட் சகோதரர்கள் பதுக்கியதில் அவுன்ஸ் 50 டாலரை எட்டிப் பிடித்தது. மார்ச் மாதம் முடிவதற்குள் 11 டாலருக்குக் கீழே விழுந்தது. திரும்ப ஐம்பதைத் தாண்டியது 2025 அக்டோபரில். நாற்பத்தைந்து வருடம்! உச்சத்தில் வாங்கியவர் பேரப்பிள்ளை எடுத்திருப்பார்.

அபூர்வம் என்பது ஆலைக்காரர் தீர்மானித்து வருவதும் இல்லை. 1911இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் இந்திய ரூபாய் வெளிவந்தபோது, அவர் அங்கியிலிருந்த யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பியது. காசைத் திரும்ப எடுத்து உருக்கினார்கள், அடுத்த வருடம் யானைக்குத் தும்பிக்கை தெளிவாக வந்தது. தப்பிய 'பன்றி ரூபாய்'களை இன்று ஆள் வைத்துத் தேடுகிறார்கள். அது யாரும் திட்டமிட்டு நடந்ததில்லை. 'குறைந்த எண்ணிக்கையில் மட்டும்' என்று முதல் நாளே விளம்பரம் செய்யும் காசை வாங்கிய எல்லோரும் பத்திரப்படுத்துகிறார்கள். ஐம்பது வருடம் கழித்தும் அத்தனையும் புத்தம் புதிதாகவே இருக்கும்.

எங்கள் அப்பாயியின் டிரங்குப் பெட்டியில் அதே மன்னரின் 1918ஆம் வருட ரூபாய் ஒன்று கிடந்தது. மன்னர் தலைக்கு மேல் வளையம் பற்றவைத்த தழும்பு. மாலையில் கோத்துப் போட்டிருப்பார்கள். பண்டிகைக்குப் பண்டிகை புளியும் விபூதியும் போட்டுத் தேய்த்ததில் மன்னரின் தாடி மழுங்கி வழவழவென்றாகிவிட்டது. தரம் பார்க்கும் கம்பெனிக்கு அனுப்பினால் எண்ணே போடமாட்டான், 'கழுவியது, பற்றவைத்தது' என்று எழுதித் திருப்பிவிடுவான். தராசில் வைத்தால் இன்னும் பத்து கிராமுக்கு மேல் நல்ல வெள்ளி.

அந்தப் பையனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். சேமிப்புக்கு என்றால் கிராம் கணக்கில் வெள்ளி வாங்குங்கள். ஆசைக்கு என்றால் அந்தக் காசை வாங்குங்கள், ஆனால் தலவாக்கலைத் தராசு தரும் விலைக்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயையும் அன்றே செலவுக் கணக்கில் எழுதிவிடுங்கள். வீட்டில் பழைய காசு ஏதாவது கிடந்தால், வருகிற தீபாவளிக்குப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்.