நடைக்கும் வகுப்புக்கும் ஊர்வாரிக் கணக்கு வேண்டும்

அரசுப் பேருந்தும் கல்லூரியும் ஆவணங்களில் இரண்டு துறைகள். போக்குவரத்து ஓர் அமைச்சரிடம் இருக்கிறது, உயர்கல்வி இன்னோர் அமைச்சரிடம் இருக்கிறது. மலையடிவார ஊரிலிருந்து படிக்கப் போகும் மாணவருக்கோ இரண்டும் சேர்ந்து ஒரே சேவை. காலைப் பேருந்து வராத நாளில் அவருக்கு முதல் வகுப்பு இல்லை. இவ்விரு சேவைகளுக்கும் மக்கள் பணம் செலவாகிறது. ஆயினும் எத்தனை நடை ஓடியது, எத்தனை வகுப்பு நடந்தது என்று ஊருக்குக் கணக்குச் சொல்லும் பொறுப்பு எந்த அலுவலகத்திடமும் ஒப்படைக்கப்படவில்லை.

கன்னியாகுமரி மாவட்டம் பூதப்பாண்டி இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம் 1907-இல் பிறந்த இவ்வூர், தோவாளை வட்டத்தின் தலைமையிடம். வட்டாட்சியர் அலுவலகம், நீதிமன்றம், அரசு மருத்துவமனை ஆகியவை இங்கேயே உள்ளன. கலை, அறிவியல் படிப்புக்கு மட்டும் பெரும்பாலோர் சுமார் 10 கிலோமீட்டர் தள்ளியுள்ள நாகர்கோவிலுக்கோ ஆரல்வாய்மொழிக்கோ செல்ல வேண்டியிருக்கிறது. தெரிசனங்கோப்பு, அழகியபாண்டியபுரம், கடுக்கரை, காட்டுப்புதூர், அருமநல்லூர், தடிக்காரன்கோணம் முதல் கீரிப்பாறை, பாலமோர் வரையுள்ள ஊர்களுக்கு அந்தத் தொலைவு இன்னும் கூடுதல். நாகர்கோவில் நகரில் ஒரு பேருந்து தவறினால் சற்று நேரத்தில் அடுத்தது வரும். மலைப்பக்கத் தடத்தில் ஒரு நடை ரத்தானால் அரை நாள் போய்விடும். தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும் என்பது கல்லூரி விதி. பேருந்து வராததால் விடுபட்ட வகுப்பும் அந்தக் கணக்கில் மாணவரின் குறையாகவே ஏறுகிறது.

இந்த மாவட்டத்தில் அரசே பேருந்து ஓட்டுவது தமிழ்நாட்டின் பிற பகுதிகளைவிடப் பழைய வழக்கம். இப்பகுதி திருவிதாங்கூரின்கீழ் இருந்த காலத்தில், 1938 பிப்ரவரி 20 அன்று, மன்னர் சித்திரைத் திருநாள் திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்துத் துறையைத் தொடங்கிவைத்தார். லண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய இ.ஜி. சால்ட்டர் அதன் கண்காணிப்பாளராக இருந்தார். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் குமரிக்குச் செல்லும் தடம் அதன் தொடக்ககாலத் தடங்களில் ஒன்று. அதற்கு முந்தைய ஆண்டு, 1937-இல், அதே அரசு திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தை நிறுவியது. பேருந்தும் உயர்கல்வியும் அரசின் கடமை என்ற எண்ணம் நாஞ்சில் நாடு எனப்படும் இப்பகுதியில் ஏறக்குறைய ஒரே காலத்தில் வேரூன்றியது.

அதன்பின் நிர்வாகத் தலைமையிடம் பலமுறை இடம் மாறியது. 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தது. அதைத் தொடர்ந்து கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின்கீழும், 1966-க்குப் பின் மதுரையின்கீழும், 1990 முதல் திருநெல்வேலியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின்கீழும் வந்தன. பேருந்துத் துறையில் 1974-இல் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. அதிலிருந்து பிரிந்து, நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு நேசமணி போக்குவரத்துக் கழகம் 1983-இல் உருவானது. 1997-இல் போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது அது மதுரைக் கோட்டத்தின் ஒரு பிரிவானது. 2010 முதல் திருநெல்வேலிக் கழகத்தின் ஒரு மண்டலமாக இருக்கிறது. இன்று பூதப்பாண்டியின் பேருந்துக்கும் கல்லூரிப் பாடத்துக்கும் முடிவெடுக்கும் இடங்கள் திருநெல்வேலியிலும் சென்னையிலும் உள்ளன. நிர்வாக வசதிக்காகத் தலைமையிடம் தள்ளிப் போவதில் தவறில்லை. தலைமையிடத்தோடு சேர்ந்து பதில் சொல்லும் கடமையும் ஊரைவிட்டுப் போய்விட்டதுதான் தவறு.

கேள்வி கேட்கச் சட்டத்தில் வழி உண்டு. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் நிறுவனச் சட்டத்தின்கீழ் இயங்குபவை. அவற்றின் கணக்கு இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் ஆய்வுக்கு உட்படுகிறது, ஆண்டறிக்கை சட்டப்பேரவையில் வைக்கப்படுகிறது, பேரவையின் பொது நிறுவனங்கள் குழுவும் அதை ஆராயலாம். ஆனால் இந்த ஆய்வுகள் கழகம் முழுவதற்கும் உரிய வரவு செலவையும் இழப்பையும் எடைபோடுபவை. கடுக்கரைத் தடத்தில் ஒரு மாதம் காலை நடை ஓடவில்லை என்றாலும் ஆண்டறிக்கையில் அது தெரியப்போவதில்லை.

ஊர் அளவிலான பொறுப்புக்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அடித்தளம் தருகிறது. ஒரு தடத்துக்கு அனுமதி வழங்கும்போது நாளொன்றுக்குக் குறைந்தது இத்தனை நடை இயக்க வேண்டும், ஒப்புதல் பெற்ற கால அட்டவணையைப் பேருந்திலும் நிறுத்தங்களிலும் மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை விதிக்க அச்சட்டத்தின் 72-ஆம் பிரிவு இடமளிக்கிறது. 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவோ, மானியத் திட்டங்கள் நிறைவேற்றப்படும் முறையையும் அவற்றுக்கு ஒதுக்கிய தொகையையும் யாரும் கேட்காமலே வெளியிடும்படி பணிக்கிறது. இவ்விரண்டையும் முழுமையாக நடைமுறைப்படுத்தினாலே பாதிக் குறை தீரும். புதுச் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

மானியம் என்ற சொல் இங்கு முக்கியமானது. அரசுக் கல்லூரி மாணவருக்கு இலவசப் பயண அட்டை, மற்றக் கல்லூரி மாணவருக்குப் பாதிக் கட்டணம், 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் என்று தமிழ்நாட்டில் நல்ல திட்டங்கள் உள்ளன. இவற்றுக்கான தொகையை அரசு கழகங்களுக்கு ஈடு செய்கிறது. இந்தச் சலுகைகள் பயணியின் செலவைக் குறைக்கின்றன, ஆனால் பேருந்து வரும் என்று உறுதி சொல்வதில்லை. சலுகை பெற்ற பயணிகள் நிறைந்த நடையைக் குறைத்தாலும் வசூல் குறையாது என்ற எண்ணம் பணிமனையில் தலைதூக்கினால் திட்டத்தின் நோக்கமே கெடும். ஆகவே ஈட்டுத்தொகையில் ஒரு பகுதியையாவது அட்டவணைப்படி ஓடிய நடைகளோடு பிணைக்க வேண்டும். ஓடாத நடைக்கு ஈடு இல்லை என்ற விதி வந்தால், எந்த நடை ஓடியது என்ற பதிவு தானாகவே ஒழுங்குக்கு வரும்.

பணிமனை செய்ய வேண்டியவையும் எளியவையே. தடம் எண், புறப்படும் நேரம், கடைசிப் பேருந்தின் நேரம் ஆகியவற்றை ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுதி வைக்க வேண்டும். ரத்தான நடைகளையும் அதற்கான காரணத்தையும் மாதந்தோறும் பேரூராட்சி, ஊராட்சி அலுவலகப் பலகைகளில் ஒட்ட வேண்டும். ஓட்டுநர் இல்லையா, வண்டி பழுதா, திருவிழாச் சிறப்புப் பேருந்துக்கு வண்டி எடுக்கப்பட்டதா என்பது மக்களுக்குத் தெரிய வேண்டும். கல்லூரி நேரத்துக்கு வரும் காலை நடைகளையும், இரவில் ஊரில் தங்கி விடியலில் புறப்படும் ஸ்டே பஸ்ஸையும் ரத்து செய்யக்கூடாத நடைகள் என அறிவிக்க வேண்டும். கூட்டம் குறைந்த நண்பகல் நடையை நிறுத்துவதும் இவற்றை நிறுத்துவதும் ஒன்றாகா.

கழகங்களின் பணத் தட்டுப்பாடு உண்மையானது. பேருந்துக் கட்டணம் கடைசியாக உயர்ந்தது 2018 ஜனவரியில். அதன்பின் டீசல், உதிரிப் பாகம், ஊதியம் எல்லாம் ஏறிவிட்டன. கட்டணத்தை உயர்த்துவதில்லை என்று அரசு முடிவெடுத்தால் அந்த இடைவெளியை நிரப்பும் கடமையும் அரசுக்கே உரியது. அந்தச் சுமை அறிவிப்பில்லாத நடைக் குறைப்பாகக் கிராமத்தின் தலையில் விழக்கூடாது. பக்கத்து மாநிலமான கேரளம் 2022-இல் கிராமவண்டி என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி உள்ளாட்சி அமைப்பு எரிபொருள் செலவை ஏற்க, அரசுப் போக்குவரத்துக் கழகம் பேருந்தை ஓட்டுகிறது. குமரி எல்லைக்கு அருகில் உள்ள கொல்லயில் ஊராட்சியில்தான் அது முதலில் தொடங்கியது. பணம் தரும் ஊராட்சிக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் கிடைக்கிறது என்பதே அதன் சிறப்பு. தோவாளை வட்டத்து மலைப்பக்கத் தடங்களில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டம் பேருந்து வசதி இல்லாத ஊர்களை இணைக்க உதவும். ஆனால் தனியார் உரிமையாளர் வசூலாகும் நேரத்தில் மட்டும் ஓட்டி, முதல் நடையையும் கடைசி நடையையும் விட்டுவிட இடம் கொடுக்கலாகாது. அனுமதி நிபந்தனையை மீறினால் அனுமதி ரத்தாகும் என்ற நிலை ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது.

கல்லூரிப் பக்கம் நிலைமை வேறு விதமானது. குமரி மாவட்டத்தின் உயர்கல்வி அரசுக் கல்லூரிகளைவிட உதவிபெறும் கல்லூரிகளையே நெடுங்காலம் நம்பி வளர்ந்தது. 1809-இல் மயிலாடியில் ரிங்கல்தௌபே தொடங்கிய கல்விக்கூடத்தின் வழிவந்த நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, 1952-இல் நிறுவப்பட்ட தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி, 1965-இல் வந்த ஹோலி கிராஸ் மகளிர் கல்லூரி, தோவாளை வட்டத்துக்குள்ளேயே ஆரல்வாய்மொழியில் உள்ள அறிஞர் அண்ணா கல்லூரி ஆகியவை இம்மரபில் வந்தவை. உதவிபெறும் பாடப்பிரிவுகளில் ஒப்பளிக்கப்பட்ட ஆசிரியரின் சம்பளத்தை அரசு தருகிறது, நிர்வாகம் தனியாரிடம் இருக்கிறது. அதே வளாகத்தில் சுயநிதிப் பிரிவுகளும் நடப்பது தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டது. ஒரே கல்லூரியில் ஒரே பட்டத்துக்கு இரு வகைக் கட்டணமும், ஆசிரியர்களுக்கு இரு வகைச் சம்பளமும் இருப்பதை மாணவர் சேர்ந்த பிறகே அறிகிறார்.

சீர்திருத்தம் என்ற பெயரில் அண்மைக்காலத்தில் பேசப்பட்டவை பெரும்பாலும் பாடத்திட்டத்தையும் அமைப்பையும் பற்றியவை. 2025 அக்டோபரில் சட்டப்பேரவையில் நிறைவேறிய தனியார் பல்கலைக்கழகச் சட்டத் திருத்த மசோதா, இயங்கிவரும் கல்லூரிகள் தனியார் பல்கலைக்கழகங்களாக மாற வழிவகுப்பதாக இருந்தது. உதவிபெறும் கல்லூரிகளின் நிலை என்னவாகும் என்று ஆசிரியர் அமைப்புகள் எதிர்த்தன. அரசு அதை மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. அந்த முடிவு வரவேற்கத்தக்கது. பொதுப் பணத்தில் வளர்ந்த கல்லூரியின் கட்டணமும் இட ஒதுக்கீடும் ஆசிரியர் பணியும் அரசின் கண்காணிப்பிலிருந்து நழுவும் எந்த மாற்றமும், குமரி போன்ற மாவட்டத்தைத்தான் முதலில் தாக்கும். அத்தகைய மசோதா மீண்டும் வருமானால் உதவிபெறும் கல்லூரிகளை அதன் வரம்பிலிருந்து வெளிப்படையாக விலக்க வேண்டும்.

உண்மையான சீர்திருத்தம் வகுப்பறையில் ஆசிரியர் இருக்கிறாரா என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு வகுப்புகள் நடக்கின்றன. அவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் கிடைக்கும் தொகை அதற்கு வெகுவாகக் குறைவு. 2021-22 கணக்கெடுப்பின்படி உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4 சதவீதம். சேர்க்கையில் பெற்ற இந்த முன்னிலை கற்பித்தலிலும் தெரிய வேண்டுமானால், ஒவ்வொரு கல்லூரியும் துறைவாரியாக ஒப்பளித்த இடங்கள், நிரப்பிய இடங்கள், நடந்த வகுப்புகள், பாடப்பிரிவு வாரியான கட்டணம் ஆகியவற்றைச் சேர்க்கைக்கு முன்பே வெளியிட வேண்டும். 2023-ஆம் ஆண்டு மானியக் குழு விதிப்படி மாணவர் குறைதீர்க் குழுவும் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரும் இருக்க வேண்டும். அவர்களை எப்படி அணுகுவது என்பது கல்லூரி வாசலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இவ்விரு கணக்குகளும் சந்திக்கும் இடம் வட்டத் தலைமையிடமாக இருப்பதே பொருத்தம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாவட்ட ஆட்சியர் தலைமையில் பூதப்பாண்டியில் பொது விசாரணை நடக்க வேண்டும். போக்குவரத்துக் கழகத்தின் பொது மேலாளர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர், கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகப் பிரதிநிதி, கல்லூரி முதல்வர்கள், பேரூராட்சி, ஊராட்சித் தலைவர்கள் அதில் அமர வேண்டும். ஓடிய நடை, ரத்தான நடை, காலிப் பணியிடம், முந்தைய மனுக்கள் மீது எடுத்த நடவடிக்கை ஆகியவை அங்கே படிக்கப்பட வேண்டும். கல்லூரி நேரமும் பேருந்து நேரமும் பொருந்தாத இடத்தில் இரண்டில் ஒன்றை அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். கழகத்தின் சான்றோடு பேருந்து ரத்து உறுதியானால் அந்த நேரத்து வருகைக் குறையை மாணவர் கணக்கில் சேர்க்கக்கூடாது.

இவற்றுக்குப் பெருநிதி தேவையில்லை. பதிவேடுகளில் இருப்பதை மக்கள் முன் வைக்கும் துணிவும், வைத்ததற்குப் பதில் சொல்லும் பொறுப்பும் போதும். தமிழ்நாடு அரசு அடுத்த கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தோவாளை வட்டத்தில் இதை நடைமுறைப்படுத்தி, பின்னர் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்க வேண்டும்.