வெட்கத்தின் பெயரால்



"இதையெல்லாம் ஜமாஅத்தில் பேசலாமா ஹஜ்ரத்?" என்று கேட்போருக்கு என் பதில் இது. மத்ரஸாவில் பதினான்கு வயது மாணவனுக்கு ஹைளு, நிஃபாஸ், இஸ்திஹாளாவின் சட்டங்களை நிறம், நாட்கணக்கு உட்படப் பாடமாகவே நடத்துகிறோம். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) உதிரம் நிற்காததை நபி (ஸல்) அவர்களிடமே வந்து கேட்டார்கள். அது மாதவிடாய் அன்று, இரத்த நாளத்திலிருந்து வருவது என நபியவர்கள் பிரித்து விளக்கினார்கள். புகாரியில் பதிவான செய்தி. அவ்வாறிருக்க, ஒரு பெண் அடிவயிற்று வலியோடு மாதக்கணக்கில் வாய் மூடிக் கிடப்பதை எந்தக் கிதாபு ஹயா என்கிறது?

கொனோரியா, கிளமிடியா போன்ற கிருமிகள் கருப்பை வாயிலிருந்து மேலேறிக் கருக்குழாய்களைப் புண்ணாக்குகின்றன. கிளமிடியா பெரும்பாலான பெண்களிடம் அறிகுறியே காட்டாது. குழாய் தழும்பேறி அடைபட்டால் குழந்தையின்மை. அல்லது கரு குழாயிலேயே தங்கி உயிருக்கே ஆபத்து.

மத்தூரிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கும் பெங்களூருக்கும் சென்று அறையெடுத்துத் தங்கி உழைப்போர் பலர். லாரி ஓட்டுவோரும் உண்டு. அவர்களைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. தவறிய ஒருவர், சிறுநீரில் எரிச்சல் கண்டதும் மருந்துக்கடையில் நான்கு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மனைவியிடம் மறைத்துவிடுகிறார் எனில், பேச்சு அவரைப் பற்றியது. அவர் குணமானாலும் நோய் வீட்டில் இருக்கிறது. அவருக்கே திரும்பியும் வரும். சில ஆண்டுகளில் பிள்ளை இல்லை என்று வழக்கு ஜமாஅத்துக்கு வருகிறது, தலாக் பேச்சு எழுகிறது. முத்தவல்லிகளே, அந்தப் பஞ்சாயத்தில் கணவனின் மருத்துவச் சீட்டை என்றேனும் கேட்டதுண்டா? பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்ற மார்க்க விதி மனைவிக்குப் பொருந்தாதா?

இன்னொரு கூட்டம், வெள்ளைப்பட்டாலே நடத்தையில் குறை காண்கிறது. பூஞ்சைத் தொற்று நீரிழிவினாலும் வரும், ஆன்டிபயாட்டிக் உட்கொண்டாலும் வரும். பிரசவத்திற்குப் பின்னரும் கருப்பையில் கிருமி தொற்றலாம். காசநோய் கருக்குழாயை அடைப்பது நம் நாட்டில் அரிதன்று. பத்தினிப் பெண் மீது அவதூறு சொல்வது பெரும்பாவம் என்று மிம்பரில் கேட்டவர்கள்தாம் வீட்டில் இப்படிப் பேசுகிறார்கள்.

நாம் மௌனம் காக்க, பேருந்து நிலையச் சுவர்களில் 'ரகசிய நோய்' சுவரொட்டி ஒட்டுவோர் பிழைக்கிறார்கள். சிஃபிலிஸ் புண் வலிக்காது, தானே ஆறிவிடும். லேகியம் ஆற்றியதாக நோயாளி நம்புவார். கிருமியோ உடலில் தங்கி, ஆண்டுகள் கழித்து மூளையையும் இதயத்தையும் தாக்கும். கருவிலுள்ள சிசுவையும் விடாது. ஓர் இரத்தப் பரிசோதனையும் பெனிசிலின் ஊசியும் தீர்க்கக்கூடிய நோய் இது!

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். அதுவரை அந்நோய் நம் நாட்டுக்கு வராது என்றே பலர் நம்பியிருந்தனர். நம் மஹல்லாவுக்கு வராது என்போரின் பேச்சும் அதே வகைதான்.

அரசு மருத்துவமனைகளின் சுகவாழ்வு மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். நோய்க்குறிக்கு ஏற்ப நிறம் பிரித்த மருந்துப் பெட்டிகள் உண்டு. பெண்களின் அடிவயிற்று வலிக்கு மஞ்சள் நிறம், 14 நாட்கள். வலி நின்றதும் பாதியில் விடலாகாது. கர்ப்பமா என்று முதலில் பார்ப்பார்கள். கடும் காய்ச்சலோ வாந்தியோ இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். கணவரும் உடன் சென்று மருந்து எடுக்க வேண்டும். இருவருக்கும் முடியும்வரை உறவைத் தவிர்க்க வேண்டும். ரமளானில் இருவேளை மாத்திரையை சஹரிலும் இஃப்தாரிலும் எடுக்கலாமா என மருத்துவரிடம் கேளுங்கள்; முடியாதென்றால் நோன்பைப் பிறகு களாச் செய்ய நோயாளிக்கு மார்க்கமே அனுமதி தந்திருக்கிறது.

நிஸ்வான் மத்ரஸாக்களில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பெண் மருத்துவரை அழைத்துப் பேச வைக்க ஜமாஅத்துகள் முன்வரட்டும். ஆண்களுக்கு நான் பேசத் தயார், ஜும்ஆவிலேயே.