கன்வேயருக்குக் கற்பூரம்!

பழவேற்காட்டிலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால் காட்டுப்பள்ளியும் அதையடுத்து எண்ணூர்த் துறைமுகமும் வரும். 2001-ல் திறக்கப்பட்டு இன்று காமராசர் பெயரைத் தாங்கி நிற்கும் அத்துறைமுகம், முக்கியமாய் மின்சார வாரியத்துக்குக் கரி இறக்கவே கட்டப்பட்டதாகும். ஒரிசாவின் தால்சேர் சுரங்கத்தில் வெட்டிய கரி பாரதீப்பில் கப்பலேறி, இங்கே இறங்கி, கன்வேயர் பெல்ட்டில் ஏறி, வடசென்னை அனல்மின் நிலையத்துக்குப் போய்ச் சேருகிறது. தலைச்சுமையாய்க் கூடை தூக்கிய காலத்தை நினைத்தால் இது எவ்வளவு பெரிய விடுதலை! யந்திரத்துக்கு நாம் விரோதியல்ல. மனிதன் கழுத்தொடியச் சுமக்க வேண்டாம் என்று சொல்லுகிற எந்த யந்திரத்தையும் நாம் வரவேற்கிறோம்.

ஆனால் அந்த யந்திரத்துக்கு நம்மவர்கள் செய்வது என்ன? அரசாங்க ஆலையானாலும் தனியார் ஆலையானாலும், வருஷத்துக்கொரு நாள் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்துகிறார்கள். கரித்தூள் பறக்கும் இடத்தில் கற்பூரம் கொளுத்துவதற்கு எத்தனை புத்தி வேண்டும்! பெல்ட்டை சுமார் 18 பாகைக்கு மேல் சாய்த்தால் கரி ஏறாமல் பின்னோக்கி உருளும். எத்தனை வேதம் ஓதினாலும் 30 பாகையில் அது ஏறுமா என்று கேட்கிறோம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை வெட்டிப் பெல்ட்டில் தள்ளும் ராட்சதச் சக்கர யந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. அங்கே எந்தச் சரஸ்வதிக்கு எவன் பொரிகடலை படைத்தான்?

இது வெறும் கேலிக்கான விஷயமல்ல. 2025 செப்டம்பர் 30-ந் தேதி எண்ணூரில் புதிய அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்பு வளைவு சரிந்து 9 தொழிலாளர்கள் மாண்டார்கள். வயிற்றுப் பிழைப்புக்காக அஸ்ஸாமிலிருந்து வந்தவர்கள். மறுநாள் ஆயுத பூஜை! நாடு முழுதும் இரும்புக்குப் பொட்டு வைத்த நாளில் அந்த ஒன்பது பிணங்களுக்கு எந்த ஆயுத தேவதை பதில் சொன்னாள்?

நிற்க, பெல்ட்டுக்கு வருவோம். ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கரி விழும் இடத்தில்தான் தூசி கிளம்புகிறது. அதற்கு மூடி போட வேண்டும், தண்ணீர் தூவ வேண்டும். பெல்ட் திரும்பும் இடத்தில் ஒட்டியிருக்கும் கரியைச் சுரண்டத் தகடு வேண்டும். தகடு தேய்ந்தால் கரி கீழே கொட்டிக் குவியும். குவிந்ததை அள்ள மண்வெட்டியோடு ஒருவன் உருளைக்கருகில் குனிகிறான். அவன் வேட்டி நுனியோ சட்டைக் கையோ சிக்கினால் போதும். அதற்காகத்தான் பெல்ட் நெடுகக் கயிறு கட்டுகிறார்கள். இழுத்தால் யந்திரம் நிற்க வேண்டும். ஓடும் பாகங்களுக்கு வேலி வேண்டுமென்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லிற்று. கயிறு வேலை செய்கிறதா என்று இழுத்துப் பார்க்காமல், அதன் மேல் மாலை போட்டு வணங்குவதற்குப் பெயர் பக்தியா, கொலைக்கு உடந்தையா?

அந்த மண்வெட்டிக்காரன் யார்? காண்ட்ராக்ட் கூலி. படம் வரைபவன், பூஜை செய்பவன், கீழே குனிபவன் என்று வர்ணாசிரமம் இரும்புக் கூரைக்குள்ளும் அப்படியே குடிபுகுந்திருக்கிறது. நிலமும் நீரும் கொடுத்த குப்பங்களுக்கு “வேலை தருகிறோம்” என்கிறார்களே, அந்த மூன்றாவது வேலையைத்தானே?

கரி எரிந்த பிறகு சாம்பல் மிஞ்சுகிறது. அது குழாய் வழியே கொசஸ்தலை ஆற்றைக் கடந்து செப்பாக்கத்துச் சாம்பல் குட்டைக்குப் போகிறது. குழாய் உடைந்து சாம்பல் ஆற்றில் கலந்தது ஒருமுறை இருமுறையல்ல. அங்கே சேற்றில் கைவிட்டு இறால் பிடிக்கும் இருளர்களின் கைக்கு இப்போது அகப்படுவது சாம்பல் சகதி.

இதையும் சொல்லிவிடுகிறோம், நம் மீனவத் தோழர்கள் கோபித்தாலும் சரி. பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்று ஒரு ஏற்பாடு உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டுப் பங்கிடுகிறார்கள். பணக்காரன் ஒருவனே ஏரியை வளைத்துக் கொள்ள முடியாதபடி செய்த புத்திசாலித்தனமான முறைதான். இதை நாம் பாராட்டுகிறோம். ஆனால் அந்தச் சீட்டில் பெயர் எழுதப்படுவது சில குப்பங்களின் ஒரு ஜாதி ஆண்களுக்கே. தாழ்த்தப்பட்டவன் பெயரும் இல்லை, பெண்ணின் பெயரும் இல்லை. மீனைக் கூடையில் சுமந்து விற்கும் பெண்ணுக்கு ஏரியில் பங்கு கிடையாதாம்! ஏரிக்கு ஆபத்து என்று கூட்டம் போடும்போது மட்டும் “எல்லோரும் வாருங்கள்” என்றால், சீட்டில் இடமில்லாதவன் எந்த முகத்தோடு வருவான்? துறைமுகக்காரர்கள் இந்தப் பிளவைத்தானே எதிர்பார்க்கிறார்கள்?

ஏரியில் மீன் குறைந்ததற்கு ஆத்தா கோபம் என்று கூழ் ஊற்றுகிறவர்கள், அந்தக் கூழ்ச் செலவில் கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீரை ஒரு குப்பியில் பிடித்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பட்டும். வந்த கணக்கைக் குப்பத்துப் பொதுக்கூட்டத்தில், பெண்களையும் இருளர்களையும் முன்வரிசையில் உட்கார வைத்து உரக்கப் படிக்கட்டும். அடுத்த பாட்டுச் சீட்டுக் குலுக்குவதும் அதே கூட்டத்திலேயே நடக்கட்டும். இதற்கு எந்தக் குப்பத்துப் பஞ்சாயத்தார் முதலில் சம்மதிக்கிறார்கள் என்று எழுதினால் பெயரோடு பிரசுரிக்கத் தயாராயிருக்கிறோம்.