மூச்சுக்கு முதுகலைப் பட்டம்

பிரிட்டனில் நர்ஸாக இருக்கும் என் தங்கை சென்ற மாதம் எழுதியிருந்தாள். மைண்ட்ஃபுல்னெஸ்ஸில் முதுகலைப் படிப்புக்குச் சேரப் போகிறாளாம். முடித்தால் ஆஸ்பத்திரிகளிலும் கம்பெனிகளிலும் அதைப் போதிக்கும் உத்தியோகம் கிடைக்கும். 'அண்ணா, இதற்குத் தமிழில் என்ன வார்த்தை?' என்று கேட்டிருந்தாள். பதில் நீண்டுவிட்டது. வார்த்தைகளோடு மாரடிக்கிற நமக்கும் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இங்கேயும் சொல்கிறேன்.

கேலி செய்து தப்பித்துக்கொள்ள எனக்கு உத்தேசமில்லை. 1979இல் மாஸசூஸெட்ஸ் சர்வகலாசாலை மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஸின் நாள்பட்ட வலிக்காரர்களை மூச்சைக் கவனிக்க வைத்தது நேர்மையான காரியம். 2000இல் டீஸ்டேல், ஸீகல், வில்லியம்ஸ் முதலானோர் 145 பேரை வைத்துச் செய்த பரிசோதனையின் முடிவு வெளிவந்தது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடவை மனச்சோர்வில் விழுந்து எழுந்தவர்களில், வழக்கமான சிகிச்சையோடு மட்டும் விடப்பட்டவர்கள் நூற்றுக்கு 66 பேர் மறுபடி விழுந்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் 37 பேர். அலட்சியம் செய்யக்கூடிய வித்தியாசமில்லை. இரண்டே தடவை விழுந்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை என்பதையும் அவர்களே எழுதினார்கள். 2004இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் சிபாரிசு செய்ததும் மூன்று தடவைக்காரர்களுக்குத்தான்.

ஆக, எல்லைக்கோடு துல்லியமாகவே போடப்பட்டிருந்தது. அந்தக் கோட்டைச் சந்தை அழித்தது. பங்கோரும் ஆக்ஸ்ஃபோர்டும் இதை முதுகலைப் படிப்பாக்கின. 2015இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் அங்கத்தினர்களின் குழு ஒன்று வைத்தியம், பள்ளிக்கூடம், வேலைத்தலம், சிறை எல்லாவற்றுக்கும் இதைப் பரிந்துரைத்தது. 85 பள்ளிகளில் 8,000க்கு மேற்பட்ட பிள்ளைகளை வைத்துச் செய்த பெரிய பரிசோதனையின் முடிவு 2022இல் வந்தது: வழக்கமான பாடத்தைவிட இது மேலானதாக இல்லை. அதனால் யாரும் கடையைக் கட்டவில்லை.

தங்கை விஷயத்துக்கு வருகிறேன். அவள் வார்டில் இரவில் நாலு நர்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பேர். புகார் எழுதினாள். பதிலாக, ஊழியர் நலனுக்கான எட்டு வாரப் பயிற்சியில் அவள் பெயரைச் சேர்த்தார்கள். போனாள். தூக்கம் வந்தது, படபடப்புக் குறைந்தது. பொய் சொல்லமாட்டேன், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வார்டில் இப்போதும் இரண்டு பேர்தான். இரண்டாவது புகார் எழுதப்படவில்லை. ஆள் பற்றாக்குறை என்ற நிர்வாகக் குற்றம் அவளுடைய நரம்புக் கோளாறாக மாற்றப்பட்டு, சிகிச்சையும் தரப்பட்டுவிட்டது. இனி அவள் பட்டம் வாங்கி, அடுத்த வார்டு நர்ஸுக்கு இதையே செய்யவேண்டும்.

பயிற்சியில்லாதவன் போதித்தால் ஆபத்தில்லையா என்று கேட்பார்கள். ஆபத்துதான். அடிபட்ட மனசைக் கண்ணை மூடி உட்காரச் சொல்கிறவனுக்கு, அங்கே என்ன கிளம்பும் என்று தெரிந்திருக்கவேண்டும். மனநோய் பார்க்கிறவர்கள் படிக்கட்டும். என் ஆக்ஷேபணை, நோயே இல்லாத இடத்தில் நோயாளியைத் தயாரிக்கும் உத்தியோகத்தைப் பற்றியது.

வகுப்பில் ஓயாமல் சொல்லப்படும் மந்திரம்: மதிப்பிடாதே, இந்தக் கணத்தில் இரு. மதிப்பிடாதே என்பதை விமர்சகன் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடியாது. மூலநூல் என்று இவர்கள் காட்டும் ஸதிபட்டான ஸுத்தமே அப்படிச் சொல்லவில்லை. மனசில் ஒரு தடை எப்படி எழுகிறது, எழுந்ததை எப்படி அகற்றுவது என்று அறியச் சொல்கிறது. நல்லது கெட்டது பிரிக்காமல் எதை அகற்றுவது?

வார்த்தைக்கு வருகிறேன். ஸதி என்ற பாலிச் சொல்லுக்கு மைண்ட்ஃபுல்னெஸ் என்று 1881இல் போட்டவர் ரைஸ் டேவிட்ஸ். ஸதி என்பது ஸம்ஸ்கிருதத்தில் ஸ்மிருதி. மிலிந்தனுக்கு நாகசேனர் சொல்லும் உவமையில் ஸதி ஒரு பொக்கிஷக்காரன். உன் யானைகள் இத்தனை, குதிரைகள் இத்தனை, பொன் இவ்வளவு என்று காலையும் மாலையும் அரசனுக்கு ஞாபகப்படுத்துகிறவன். கணக்குச் சொல்கிறவன். தமிழில் இப்போது சிலர் இதை 'நினைவாற்றல்' என்கிறார்கள், பரீட்சைப் பையன்களுக்கு விற்கும் வல்லாரை லேகியத்தின் பெயர் மாதிரி. தெரியாமல் போட்ட வார்த்தைதான். ஆனாலும் அறிந்து போட்டவர்களைவிட மூலத்துக்குப் பக்கத்தில் போய் விழுந்திருக்கிறது.

இருக்கவேண்டிய நர்ஸ் நாலு, இருப்பது இரண்டு. பொக்கிஷக்காரன் காலையும் மாலையும் சொல்லவேண்டிய கணக்கு இது. இதை மறக்கவைக்கும் பயிற்சிக்கு ஸதி என்று பெயரிட யாருக்கும் உரிமையில்லை.

படிக்காதே என்று தங்கைக்கு எழுதவில்லை. இரவு முழுக்க நிற்கிறவள் அவள். உட்கார்ந்து எழுதுகிறவன் நான். அவள் கேட்ட வார்த்தையை மட்டும் கடைசியில் எழுதினேன்: ஞாபகம். கூடவே, அந்த இரண்டாவது புகாரை எழுதச் சொன்னேன்.