26 போட்டா பறக்குமா?

ராயகிரியில் இருந்து ஒரு பாலிடெக்னிக் தம்பி கடிதம் போட்டிருக்கார். சித்தப்பா ஓட்டின யமஹா ஆர்எக்ஸ் 100. பல வருஷமா தொழுவத்துல கோழிக்கு வீடா நின்ன வண்டி. பாடுபட்டு வெளியே இழுத்து, போர் பண்ணி, புது பிஸ்டன் போட்டு, கிராங்க் பேரிங் மாத்தியாச்சு. போர்ட்டையும் லேசா தேய்ச்சாச்சு. இப்ப அவர் கேள்வி இதுதான்: ‘‘சங்கரன்கோவில்ல ஒரு கூட்டாளி 26 மி.மீ. கார்ப்பரேட்டர் வெச்சிருக்கான். விலைக்குத் தாரேங்கான். போட்டா வண்டி பறக்கும்ங்கான். வாங்கலாமாண்ணே?’’ கையில மிச்சம் இருக்கிறதே அந்தக் காசுதானாம்.

வேண்டாம் தம்பி. ஏன்னு கணக்கோட சொல்றேன், கூட்டாளிகிட்டயும் காட்டுங்க.

ஆர்எக்ஸ் 100 இன்ஜின் 98 சி.சி. டூ ஸ்ட்ரோக்ங்கிறதால ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு மூச்சு. நிமிஷத்துக்கு 7,500 சுத்து சுத்தும்போது, முழு மூச்சு இழுக்குதுன்னு வெச்சுக்கிட்டா, நிமிஷத்துக்கு 735 லிட்டர் காத்து உள்ளே போகும். கம்பெனி கார்ப்பரேட்டரோட வாய் 20 மி.மீ. அந்த ஓட்டை வழியா இவ்வளவு காத்தும் போகணும்னா சராசரியா செகண்டுக்கு 39 மீட்டர் வேகத்துல பாயணும். அந்தப் பாய்ச்சல்தான் பெட்ரோலை ஜெட்ல இருந்து உறிஞ்சித் தூளாக்குது. கார்ப்பரேட்டருக்குள்ள பம்ப்பும் கிடையாது, மூளையும் கிடையாது. எல்லாமே காத்தோட வேகம்தான்.

இப்ப 26 போடுங்க. ‘ஆறு மி.மீ. தானே’ன்னு தோணும். ஆனா ஓட்டையோட பரப்பு 69 சதவீதம் கூடிடும்! அதே 7,500-ல காத்து வேகம் 23 மீட்டருக்கு இறங்கிடும். 3,000 சுத்துல பார்த்தா இன்னும் மோசம்... 20-ல 15-க்கு மேல இருந்தது, 26-ல 9-ஐத்தான் தொடும். காத்து சோம்பேறியா நுழையும், பெட்ரோல் ஒழுங்கா ஏறாது.

‘‘ஸ்லைடு பாதிதானே திறந்திருக்கும், அப்ப ஓட்டை சின்னதுதானே?’’ன்னு யாராவது மடக்குவீங்க. சபாஷ், சரிதான். மெதுவா முறுக்கினா தப்பிச்சுக்கலாம். ஆனா மதுரை - தென்காசி ரோட்டுல, சிவகிரி தாண்டி ஒரு லாரியை முந்தப் போறீங்கன்னு வைங்க. மெதுவாவா முறுக்குவீங்க? ஒரே முறுக்கு! ஸ்லைடு சட்டுனு மேலே போகும், காத்து வேகம் விழும், இன்ஜின் ‘ப்பூ...’ன்னு அடங்கும். எதிர்ல பஸ். அந்த ஒரு செகண்டுக்காகத்தான் இவ்வளவு எழுதுறேன்.

சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல பெரிய வாய் போடுறாங்களேன்னா, அங்கே இன்ஜின் உச்ச வேகத்தை விட்டு இறங்குறதே இல்லை. நமக்கு வாசுதேவநல்லூர் வரைக்கும் போகணும், நடுவுல ஆடு குறுக்கே வரும். போர்ட் வேலை நிஜமாவே பெரிசா பண்ணி, சைலன்சரும் மாத்தியிருந்தா 22, மிஞ்சினா 24. லேசா தேய்ச்ச உங்க இன்ஜினுக்கு 20 போதும்ங்கிறதுதான் என் கட்சி.

சரி, அந்தக் காசை என்ன செய்ய? பழைய கார்ப்பரேட்டரைக் கழட்டிப் பாருங்க. ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-லயே நின்னு போச்சு. அப்படின்னா உங்க ஸ்லைடும் நீடிலும் எத்தனை வருஷம் உரசியிருக்கும்? நீடில் இறங்குற ஓட்டை தேய்ஞ்சு முட்டை மாதிரி ஆகியிருக்கும். ஒரு நல்ல ரிப்பேர் கிட், புது புளோட் நீடில், புது பெட்ரோல் டியூப். முடிஞ்சுது செலவு. டப்பாவைப் பார்த்து ஏமாறாதீங்க, டூப்ளிகேட் ஜெட்ல நம்பர் ஒண்ணு இருக்கும், ஓட்டை வேற இருக்கும்.

டியூப்னு சொன்னது சும்மா இல்லை. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பருக்கு அது ஆகாது, ஊறிப் போகும். அதைவிட முக்கியம்... சுத்தப் பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காத்து (எடைக் கணக்கு) சரியா இருக்கும். இந்தக் கலவைக்குப் பதிமூன்றரை பங்கைச் சுற்றித்தான். அதாவது அந்தக் காலத்து ஜெட்டை அப்படியே விட்டா, பெட்ரோல் பத்தாம ‘லீன்’ ஆகத்தான் ஓடும். மெயின் ஜெட்ல ஒரு நம்பர் பெரிசு போட்டு ஆரம்பிங்க.

லீனா ஓடினா என்ன ஆகும்னு என்கிட்ட கேளுங்க! ஹாஸ்டல் நாள்ல நானும் ஒரு பெரிய வாயை மாட்டி, ஜெட் பத்தி யோசிக்காம நாலாவது கியர்ல போய்க்கிட்டே இருந்தேன். பின் சக்கரம் திடீர்னு நின்னு ரோட்டுல கறுப்புக் கோடு போட்டுச்சு. சூடு ஏறினா அலுமினிய பிஸ்டன் விரியுற அளவுக்கு அதைச் சுத்தியிருக்கிற இரும்புச் சுவர் விரியாது. அப்படியே கவ்விப் பிடிச்சுக்கும். கிளட்சைப் பிடிக்கத் தோணினதால முட்டியோட போச்சு. ஆயில் பம்ப்பைக் கழட்டிட்டு டேங்க்லயே ஆயில் கலந்து ஓட்டுறவங்க இன்னும் உஷாரா இருக்கணும். பெட்ரோல் குறைஞ்சா கூடவே ஆயிலும் குறையும்.

ரன்னிங்-இன் முடியட்டும், அதுவரைக்கும் முழு முறுக்கு கூடாது. அப்புறம் காலையில ஆள் இல்லாத நேரான ரோடாப் பார்த்து, ஹெல்மெட் போட்டுக்கிட்டு, மூணாவது கியர்ல கொஞ்ச தூரம் முழுசா முறுக்குங்க. முறுக்கினபடியே கிளட்சைப் பிடிச்சு, அதே நேரம் இன்ஜினை ஆஃப் பண்ணி ஓரம் கட்டுங்க. பிளக்கைக் கழட்டுங்க. சுடும், துணி எடுத்துட்டுப் போங்க. வெள்ளையா இருந்தா ஜெட் சின்னது, இன்னும் ஒரு நம்பர் ஏத்துங்க. கறுப்பா ஈரமா இருந்தா இறக்குங்க. காப்பிப் பொடி கலர் வந்தா கையை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க! பாதி முறுக்குல மட்டும் திக்கினா அது மெயின் ஜெட் தப்பில்லை, நீடில் கிளிப்பை ஒரு காடி கீழே மாத்தினா கலவை கெட்டியாகும்.

ஒண்ணு மறந்துட்டேன். இந்த வண்டியில கொடைக்கானல் டூர்னு கிளம்பினா, 2,000 மீட்டருக்கு மேல காத்து அடர்த்தி ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சிடும். நம்ம ஊர்ல கச்சிதமா இருந்த ஜெட் அங்கே புகையா கக்கும். அதுக்காக அங்கே ஜெட்டை மாத்தி, மாத்தினதை மறந்து அப்படியே கீழே இறங்கிடாதீங்க, திரும்பவும் லீன்!

பிளக் என்ன கலர்ல வந்துதுன்னு எழுதுங்க தம்பி. அந்த 26, கூட்டாளிகிட்டயே இருக்கட்டும்.