சுவரில் இருப்பவருக்கு நாம் செய்தது

மெல்பேர்ணின் பொயிண்ட் குக்கில் புது வீடுகள் பலவற்றில் குசினிக்கும் கூடத்துக்கும் இடையில் சுவரே கிடையாது. அதைத்தான் அழகு என்று விற்றார்கள், நாமும் வாங்கினோம். வாங்கிய கையோடு அந்தத் திறந்த வெளியில் எல்லார் கண்ணிலும் படும் சுவராகப் பார்த்து, ஊரிலிருந்து வந்த அப்பப்பாவின் எண்ணெய் வர்ண ஓவியத்தை மாட்டினோம். அடுப்பிலிருந்து நாலெட்டுத் தூரம். மீன் பொரித்த புகையும் தாளித்த புகையும் அதில் படிந்தன. அந்தப் பிசுக்கில் சாம்பிராணிக் கரி ஒட்டியது. திவசத்துக்குத் திவசம் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். பக்தியில் ஒரு குறையும் இல்லை. துணி, பசை, ஆளிவிதை எண்ணெய், வார்னிஷ் என்று அடுக்கடுக்காகச் செய்யப்பட்ட ஒரு பொருள் அது என்பது மட்டும் நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முகம் கறுத்த பிறகுதான் பதறினோம். அந்தப் பதற்றம் அலட்சியத்தைவிடக் கேடு செய்தது. தீபாவளிக்கு வீடு கழுவும்போது படத்தையும் சேர்த்துத் துடைத்தோம். குழந்தைக்கு வைத்திருந்த ஈரத்துடைப்பானால் ஒருவர், கண்ணாடி துடைக்கும் திரவத்தால் ஒருவர், இந்த நாட்டில் எல்லாக் கறைக்கும் மருந்தான யூகலிப்டஸ் எண்ணெயால் இன்னொருவர். ஸ்டிக்கர் பசையை இளக்குகிற எண்ணெய் வார்னிஷை மட்டும் விட்டுவைக்குமா? கண்ணாடித் திரவங்கள் பலவற்றில் இருக்கும் அமோனியா வார்னிஷோடு நிற்காமல் வர்ணத்தையும் தின்னும். பாதி உருளைக்கிழங்கால் தேய், பாண் துண்டால் ஒற்று என்று வாட்ஸ்அப்பில் வருபவை இன்னும் மோசம். பின்தங்கும் மாச்சத்து பூஞ்சணத்துக்கும் பூச்சிக்கும் தீனி. வெறும் ஈரத்துணிகூடச் சாதுவல்ல. பழைய வர்ணத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கும். அவற்றின் வழியே நீர் இறங்கினால் அடியிலுள்ள பசை ஊதும், மேலே வர்ணம் செதிலாகக் கழலும்.

அதைவிட ஒரு அடிப்படைக் கேள்வியையும் நாம் கேட்கவில்லை: அது எண்ணெய் வர்ணந்தானா? பெரிதாக்கிய புகைப்படத்தின்மேல் வர்ணம் தீட்டிக் கொடுப்பது ஊர் ஸ்ரூடியோக்களில் ஒருகாலத்தில் சர்வசாதாரணம். நனைந்தால் அந்தக் காகிதம் அவ்வளவுதான். சாமியறை லட்சுமியும் சரஸ்வதியும் 1894இல் ரவிவர்மா பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் வழி வந்த ஒலியோகிராஃப் ஆக இருக்கலாம். பளபளப்பான வார்னிஷுக்குக் கீழே அதுவும் அச்சடித்த காகிதமே. பூதக்கண்ணாடி வைத்தால் பொட்டுப் பொட்டாக மை தெரியும்.

உண்மையில் ஓவியந்தான் என்றால், வீட்டில் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். படத்தை இறக்கி, அறையை இருட்டாக்கி, டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பாய்ச்ச வேண்டும். எங்காவது வர்ணம் செதில் தூக்கி நின்றால் தூசுகூடத் தட்டக் கூடாது. உறுதியாக இருந்தால் சற்று முன்சாய்த்துப் பிடித்து, அகலமான மென்தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசு தட்டலாம். இறகுத் துடைப்பம் வேண்டாம், அதன் ஈர்க்கு வெடிப்பில் மாட்டும்.

அதற்குமேல் ஒரு படி போகத்தான் வேண்டுமென்றால் பஞ்சுக்குச்சியும் நம் எச்சிலும் போதும். அருவருக்க வேண்டாம், பழுதுபார்ப்பு வல்லுநர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். எச்சில் பழைய கலைப்பொருட்களின் அழுக்கை எவ்வளவு நன்றாக எடுக்கிறது என்று போர்த்துக்கேய ஆய்வாளர்கள் 1990இல் எழுதிய கட்டுரைக்கு 2018இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்க வைக்கும் பரிசுதான், ஆனால் வேலையைச் செய்வது எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி என்பது அசல் விஞ்ஞானம். குச்சியைத் தேய்க்காமல் உருட்ட வேண்டும். பஞ்சில் சாம்பல் நிறம் வந்தால் அழுக்கு. சிவப்போ நீலமோ வந்தால் அது அப்பப்பாவின் சால்வை, அந்த நொடியே நிறுத்த வேண்டும். மஞ்சளித்த வார்னிஷை வீட்டில் எடுக்க நினைக்கவே கூடாது. அடுப்புப் பிசுக்கும் எச்சிலுக்கு முழுதாக மசியாது.

எவர் கண்ணிலும் படாத மூலையில் முதலில் சோதித்துப் பார் என்பார்கள். நாமும் கீழ்மூலையில்தான் சோதித்தோம். ஓவியர்கள் பெரும்பாலும் கையெழுத்திடுவது அங்கேதான். எத்தனை பெயர்களை இப்படித் துடைத்தோமோ. 1938இல் எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் வின்சர் ஆர்ட் கிளப்பைத் தொடங்கினார், அங்கே படித்தவர்கள் வரைந்தார்கள். அவர்களில் ஒருவர் நம் கூடத்துப் படத்தைத் தீட்டினாரா என்று இனி எதை வைத்துச் சொல்வது? 1995 ஒக்ரோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வில் ஊரே சுவர்களை அப்படியே விட்டுவிட்டு நடந்தது. அதிலும் தப்பி வந்த படத்தில் நாம் கேட்டுவைத்தது படத்தில் இருப்பவரின் பெயரை மட்டும்.

வழி தெரியவில்லை என்றும் நாம் சொல்ல முடியாது. 1914இல் விமானப் பள்ளி நடந்த நம் பொயிண்ட் குக் தளத்திலேயே விமானப்படை அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் கால மொஸ்கிற்றோ ஒன்றை, மரத்தால் செய்த விமானம் அது, தொண்டர்கள் அங்கே ஆண்டுக்கணக்காகப் பொறுமையாகப் பழுதுபார்த்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்தோம். மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தின் கிறிம்வேட் மையம் தனியார் வீட்டு ஓவியங்களையும் எடுத்துப் பார்க்கிறது. செலவாகும் என்று தள்ளிப்போட்டோம். காரில் ஒரு கீறல் விழுந்தால் மறுநாளே கராஜுக்குப் போகிற நாம்தான் அப்படிச் சொன்னோம்.

இப்போதைக்கு அடுப்புக்கு மேலிருக்கும் ரேஞ்ச் ஹூட்டைக் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் அது புகையை வெளியே தள்ளுவதில்லை, வடிகட்டி என்று ஒன்றைக் காட்டிக் கூடத்துக்கே திருப்பி ஊதுகிறது. படத்தைப் படுக்கையறைப் பக்கம் மாற்றாமல், ஹீட்டர் காற்று நேரே அடிக்காத சுவராகவும் பார்க்காமல், யாரிடம் கொடுத்துச் சுத்தம் செய்தாலும் அடுத்த திவசத்துக்குள் பழைய கறுப்பு திரும்பத் தொடங்கிவிடும்.