கொட்டகையில் தொங்கிய துடுப்பும் சுவரில் தொங்கும் பொய்யும்

போன மாதம் பேரனின் வற்புறுத்தலுக்காகப் புதுச்சேரி கடற்கரைப் பக்கம் ஓர் உணவகத்துக்குப் போயிருந்தேன். பழைய பிரெஞ்சு வீட்டைப் புதுப்பித்து நடத்துகிறார்கள். சுவரில் ஒரு நீளத் துடுப்பு, அதன் கீழே அழகான எழுத்தில் ஒரு சீட்டு: "பழங்கால மீனவர் துடுப்பு, 18-ஆம் நூற்றாண்டு."

எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் துடுப்பை எனக்குத் தெரியும். அலகில் ஒரு வெடிப்பு, அதன்மேல் செம்புக் கம்பிச் சுற்று. 2005 பொங்கலுக்கு முன் என் பள்ளித் தோழன் அந்தக் கம்பியைச் சுற்றும்போது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

காரைக்கால் பக்கத்து ஆட்களுக்குப் படகுக் கொட்டகையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக நாலு வரி. அந்தக் காலத்தில் கரைவலைக்குப் போகும் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது படகு வளைந்து கொடுக்கும், உடையாது. ஆனால் வெயிலில் கிடந்தால் பலகை வெடித்துவிடும். அதற்காகத்தான் கீற்றுக் கொட்டகை. உள்ளே நுழைந்து தலையை நிமிர்த்தினால் கூரை முழுக்கச் சாமான் தொங்கும். பருத்தி நூல் வலை, மரத்தில் செதுக்கிய மிதப்புக் கட்டைகள், சுட்ட மண்ணால் செய்த வலைக் குண்டுகள், குடிதண்ணீர் கொண்டுபோன சுரைக்குடுக்கை, கண்ணாடி உடைந்த அரிக்கேன் விளக்கு. எலிக்கும் கரையானுக்கும் ஈரத்துக்கும் பயந்து மேலே கட்டியவை. நைலான் வந்தது, ஃபைபர் படகு வந்தது, எஞ்சின் வந்தது. சாமான்களுக்கு வேலை போயிற்று. ஆனாலும் இறக்கவில்லை. இறந்துபோனவரின் கைபட்ட பொருளை யார் குப்பையில் போடுவார்?

என் தோழன் வீட்டுக் கொட்டகையில் ஒரு வேளாக் கொம்பும் தொங்கியது. ரம்பம் மாதிரி இரண்டு பக்கமும் பல் வைத்த கொம்பு. அதற்கு வருடத்துக்கு ஒருமுறை மஞ்சள் பூசி, பூ வைப்பார்கள். இதை மூடப்பழக்கம் என்று சிரிப்பவர்கள் பட்டினப்பாலையை எடுத்துப் பார்க்க வேண்டும். பூம்புகார்ப் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதை உருத்திரங்கண்ணனார் சொல்கிறார். சுறாவுக்கு ஏது கொம்பு? அது வேளாவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். காரைக்காலுக்கும் பூம்புகாருக்கும் எவ்வளவு தூரம்? அரைநாள் சைக்கிள் பயணம்.

துடுப்பின் கதை இது. 1954-ல் பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருடம் தோழனின் அப்பா செதுக்கியது. 2004 டிசம்பர் 26-ல் கடல் வந்து கொட்டகையைப் பிய்த்துக்கொண்டு போனது. மூன்றாம் நாள் சவுக்குத் தோப்பில் மரத்துக்கு நடுவே துடுப்பும் கொம்பும் சிக்கிக் கிடந்தன. தோழன் தோளில் சுமந்து வந்தான். வீட்டைக் கட்டுவதற்கு முன் நாலு கம்பு நட்டு, கீற்றுப் போட்டு, அவை இரண்டையும் மறுபடி தொங்கவிட்டான்.

அவன் காலமான பிறகு ஒரு பிரெஞ்சுக்கார வியாபாரி வந்தார். மொழி தெரிந்தவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பெருமை, ஓடினேன். அவர் முதலில் கேட்டது வேளாக் கொம்பை. 2001-லிருந்து வேளா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வாங்கினாலும் விற்றாலும் குற்றம் என்று சட்டம் பேசித் தடுத்தேன். "அப்படியானால் துடுப்பு?" என்றார். தோழனின் மனைவி என்னைப் பார்த்து, "என்ன அண்ணே செய்யறது? பையன் எஞ்சின் ரிப்பேர்ல கெடக்கு" என்றார். மூவாயிரம் ரூபாய்க்கு முடித்துக் கொடுத்தேன். சட்டம் தடுத்ததைத் தடுத்தவன், மனச்சாட்சி தடுத்திருக்க வேண்டியதைக் கைகுலுக்கி அனுப்பிவைத்தேன்.

அந்த அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். எஞ்சின் ஓடினால்தான் அடுப்பு எரியும். என் சண்டை அந்தச் சீட்டோடு.

முப்பத்தைந்து வருடம் பதிவேடு எழுதிப் பிழைத்தவன் நான். ஒரு பிறப்புத் தேதியைத் தப்பாக எழுதிவிட்டால் அதைத் திருத்த ஒரு குடும்பம் வருடக்கணக்கில் அலையும். பார்த்திருக்கிறேன். அந்தச் சீட்டை எழுதியவர் இருநூறு வருடத்தைக் கூசாமல் ஏற்றிவிட்டார். அதில் ஒரு தகப்பனும் மகனும் சுனாமியும் அடித்துப் போய்விட்டார்கள்.

முதலாளியிடமே கேட்டேன். "ஐயா, 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த தொல்பொருளை விற்க உரிமம் வேண்டும். சீட்டு உண்மையானால் உங்களுக்கு இதை விற்றவரின் உரிமம் எங்கே? பொய்யானால், சாப்பிட வருகிறவர்களை ஏன் ஏமாற்றுகிறீர்கள்?" அவர் சிரித்துக்கொண்டே, "சார், இது சும்மா தெகொர்தானே" என்றார். தெகொர் என்றால் அலங்காரம்.

"கொட்டகையில் கிடந்தால் மக்கிப்போகும், இங்கே பத்திரமாக இருக்கிறது" என்று இன்னொரு நியாயமும் சொல்கிறார்கள். எது பத்திரமாக இருக்கிறது? மரம் இருக்கிறது. யாருடைய மரம் என்பது போய்விட்டது. அருங்காட்சியகம் வாங்கினால் எந்த ஊர், யார் கொடுத்தது, எப்போது என்று எழுதி வைக்கும். இவர்கள் ஆணி அடித்தார்கள், பொய் எழுதினார்கள்.

மகளைப் பார்க்க மர்செய் போனபோது மலைமேல் இருக்கும் நோத்ருதாம் த லா கார்த் தேவாலயத்துக்குப் போனேன். கூரையிலிருந்து சின்னச் சின்னக் கப்பல்கள் தொங்குகின்றன. சுவரெல்லாம் கடலில் பிழைத்தவர்கள் பதித்த நன்றிக் கற்கள், பலவற்றில் தேதியோடு. அவர்கள் ஊரில் கூரையில் தொங்கினால் அது வேண்டுதல். நம் மீனவன் கொட்டகையில் தொங்கினால் தெகொர். இது என்ன நியாயம்?

கடலோர நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கொட்டகையில் எது தொங்கினாலும் ஒரு அட்டையில் யார் செய்தது, எந்த வருடம், கடைசியாக யார் கையாண்டது என்று எழுதிக் கட்டுங்கள். பிறகு விற்க நேர்ந்தால் அந்த அட்டையோடு விற்றுவிடுங்கள். அட்டை வேண்டாம் என்கிறவருக்குப் பொருளும் வேண்டாம்.

என் பங்குக்கு, துடுப்பின் உண்மை வரலாற்றைப் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதி அந்த உணவகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று வாரம் ஆகிறது. பேரனை அனுப்பிப் பார்த்தேன், பழைய சீட்டுதான் தொங்குகிறதாம். அடுத்த வாரம் நானே மறுபடி போகிறேன். காப்பி மட்டும் குடிப்பேன்.